ஏர் ஃபில்டரும் கல்லறைப் புல்லும்

எங்கள் வீட்டுப் புல் வெட்டும் மெஷினுக்கு என் கணவர்தான் முதலாளி. பெட்ரோல் ஊற்றுவது, அதில் எண்ணெய் கலப்பது, தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வது எல்லாம் அவர் பாடு. அதன் ஏர் ஃபில்டரைத் துவைப்பது மட்டும் என் பாடு. சோப்புத் தண்ணீர் படுகிற எதுவும் பெண்டாட்டி இலாகா என்று அவராகவே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். முதலில் நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். அவர் துவைத்த அழகை ஒரு தடவை பார்த்ததும், "குடுங்க இங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. என்ஜினின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். திருகைக் கையாலேயே திருகினால் மூடி கழன்று வரும். உள்ளே ரொட்டித்துண்டு அகலத்தில் கறுப்பாக ஒரு நுரைப்பஞ்சு. என்ஜினும் நம்மைப் போல மூச்சு விடுகிற சாதிதான். அது இழுக்கிற காற்றில் உள்ள மண்ணையும் புல் தூளையும் இந்தப் பஞ்சு பிடித்து நிறுத்தும். காரைக்காலில் காற்றடித்தால் கடல் மணலும் சேர்ந்தே வரும் என்பதால், நாலு தடவை வெட்டினாலே பஞ்சு அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மெஷின் இருமும், கரும்புகை கக்கும், பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். அப்போது பஞ்சைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு, முறுக்காமல் மெல்ல அமுக்கி அமுக்கி அழுக்கை எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, ஈரம் போனதும் என்ஜின் எண்ணெய் சில சொட்டு விட்டுப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டு மாட்ட வேண்டும். அந்த எண்ணெய்ப் பிசுக்கில்தான் தூசி ஒட்டும்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பஞ்சை எப்படிக் கையாள்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மார்கழியில், நான் துவைத்து உலர்த்தி வைத்த பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தடவி மாட்டிவிட்டார். எண்ணெய் விடச் சொன்னார்கள், விட்டேன் என்பது அவர் நியாயம். விடிகாலைப் பனியில் எண்ணெய் உறைந்து, கயிற்றை இழுத்து இழுத்து அவர் தோள்பட்டைதான் வீங்கியது. வெயில் ஏறியதும் மெஷின் தானாகவே வழிக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அது விட்ட புகையில், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்ட வாசனை வந்தது.

இந்த மனிதரிடம் இன்னொரு குணமும் உண்டு. புதுப் பொருள் எதன் உறையையும் பிரிக்க மாட்டார். டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக்குக்குள்தான் குடியிருக்கிறது. முன்பு வைத்திருந்த காரின் சீட் உறை, உட்கார்ந்தவர்கள் முதுகில் வெயில் காலத்தில் ஒட்டிக்கொண்டு, அதுவாகக் கிழிந்துதான் போனது. மெத்தை வாங்கிய புதிதில் நான் புரண்டு படுத்தால் அப்பளம் நொறுக்குகிற சத்தம் கேட்கும். பொறுக்க மாட்டாமல் கத்தரிக்கோலை எடுத்துப் போனேன். "புதுசு புதுசாவே இருக்கட்டுமேம்மா" என்று கெஞ்சினார். இதில் என்னால் முழுதாகக் கோபப்படவும் முடியாது. என் கல்யாணப் புடவையை இன்று வரை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காயப்போட்டு, மடிப்பை மாற்றி வைப்பது அவர்தான். நான் அதைத் தொடுவதுகூட இல்லை.

இந்த மெஷின் வெட்டுவதற்கு எங்கள் வீட்டில் புல் கிடையாது. கொல்லையில் இரண்டு தென்னையும் ஒரு துணிக்கொடியும்தான். மெஷின் வந்தது ஒரு கல்லறைக்காக.

என் நாத்தனார், அதாவது என் கணவரின் ஒரே அக்கா, கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்வோம். தலைப்பிள்ளை இங்கே தாய் வீட்டில்தான் பிறந்தது. பெண் குழந்தை. அங்கே போவதற்கான காகிதங்கள் எல்லாம் வந்து, பயணத்துக்கு நாளும் குறித்த பிறகு, ஒரு காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. குறித்த நாளில் அண்ணி விமானம் ஏறினார். அப்போது என் கணவர் பள்ளிக்கூடம் போகிற பையன். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவர் என்று என் மாமனார் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மாமனார் அந்தச் சின்னக் கல்லறையைச் சுற்றி ஒரு செங்கல் உயரத்துக்கு வரம்பு கட்டி, தலைமாட்டில் இரும்புச் சிலுவை ஒன்றை நட்டார். பெயர்க்கல் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம், குழந்தைகளைப் புதைக்கிற மூலையில் அது இருக்கிறது. அந்தப் பக்கம் வந்து போகிறவர்கள் குறைவு. ஐப்பசி மழை இரண்டு பெய்தால் போதும், புல் மளமளவென்று இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். வரம்பு, சிலுவை எல்லாம் உள்ளே போய்விடும். தெரிந்தவர்களே காலால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறகு அண்ணிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் அங்கே பிறந்து, வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் ஆகிவிட்டன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் சாப்பாடு, உடம்பு, மழை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்.

"தம்பி, புள்ளைகிட்ட போனியா?"

"போனேங்க்கா. சுத்தமா இருக்கு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரும் கேட்க மாட்டார், இவரும் சொல்ல மாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில், யாரோ உயிரோடு இருக்கிற பிள்ளையைத்தான் பார்த்து வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் கூலிக்கு ஆள் வைத்துப் புல்லைச் செதுக்கியதில், மண்வெட்டி பட்டு வரம்பின் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. என் கணவர் அன்று ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. மறுநாள் தானே சிமெண்ட் குழைத்து எடுத்துப்போய் ஒட்டிவிட்டு வந்தார். அதன்பின் யாரையும் விடவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு தானே குந்தி உட்கார்ந்து அறுப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். நான் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே திட்டுவேன். ஒருநாள் அண்ணி போனில் இருக்கும்போது நான் திட்டியது அங்கே கேட்டுவிட்டது. சில மாதங்களில், பிரான்சிலிருந்து ஊருக்கே திரும்பி வந்த ஒரு குடும்பத்தின் சாமான்களோடு சேர்ந்து, அண்ணி அனுப்பிய இந்த மெஷின் கப்பலில் வந்து இறங்கியது.

இதில் கத்தி இல்லை. முனையில் ஒரு நைலான் நரம்பு சுழலும். புல்லைச் சீவிவிடும், செங்கல்லை ஒன்றும் செய்யாது. கூடவே வந்த நரம்பு தீர்ந்த பிறகு, மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேட்டுக்குப் போய்த் தடித்த தூண்டில் நரம்பு வாங்கி வந்து போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த அந்த ஊர்க்காரர்கள் எந்த மீனுக்கு என்று கேட்டார்களாம். எனக்குத் தெரிந்து என் கணவர் எந்த மெஷினோடும் இவ்வளவு சிநேகமாக இருந்ததில்லை. துடைத்து, பழைய வேட்டியால் சுற்றி, கட்டிலுக்கடியில் வைப்பார்.

போன வருடம் வரைக்கும் அண்ணி வந்ததெல்லாம் ஆடி, ஆவணியில்தான். அங்கே லீவு விடுகிற காலம் அது. அப்போது கல்லறைத் தோட்டத்தில் புல் காய்ந்து தரையோடு கிடக்கும். அண்ணி வந்து, சாமந்தி வைத்து, மெழுகுத்திரி ஏற்றி, சற்று நேரம் நின்றுவிட்டுப் போவார். மழைக்காலத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

போன வருடம் முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்தபின் அண்ணி போன் செய்தார். "இந்தத் தடவ கல்லறைத் திருநாளுக்கு வர்றேன் தம்பி. சாமியார் வந்து மந்திரிக்கிறப்ப நான் புள்ளைகிட்ட நிக்கணும். ஒரு தடவகூட நின்னதில்ல" என்றார்.

கல்லறைத் திருநாள் என்றால் நவம்பர் மாதத்து இரண்டாம் தேதி; பாதிரியார் ஒவ்வொரு கல்லறையாகப் போய்த் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மழைக்காலத்தின் நட்ட நடு. என் கணவர் போனை வைத்துவிட்டு நேராகக் கட்டிலுக்கடியில் குனிந்தார். மெஷினை வெளியே எடுத்து, ஃபில்டரைக் கழற்றி, என்னிடம் நீட்டினார்.

நான் வழக்கம்போல் சோப்புத் தண்ணீரில் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினேன். டீயில் ஊறின ரஸ்க் மாதிரி பஞ்சு என் கையோடு வந்துவிட்டது. உப்புக்காற்றிலும் பழமையிலும் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போயிருக்கிறது. தண்ணீர் முழுக்கக் கறுப்புத் தூள். எடுத்துக் காட்டினேன். வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச அளவா வெட்டி வெச்சா என்ன?" என்றார்.

"அது பெட்ரோல்ல கரைஞ்சி உள்ள போவும். அப்பறம் என்ஜினுக்கே கல்லறை கட்ட வேண்டியதுதான்."

"ஃபில்டர் இல்லாம ஒரு நாள் ஓட்டினா?"

"அந்த மண்ணுல ஓட்டுனீங்கன்னா அந்த ஒரு நாளுதான் ஓடும்."

அக்காவிடம் சொன்னால் அவரே அங்கிருந்து வாங்கி வருவார். ஆனால் அக்கா வருவதற்கு முன்னால் புல் வெட்டியாக வேண்டுமே. அதனால் போனில் தேடி, மெஷினின் நம்பரைப் பார்த்துப் பார்த்து ஒப்பிட்டு, எங்கேயோ வடக்கே இருந்து ஒரு ஃபில்டருக்கு ஆர்டர் போட்டார். மழை ஆரம்பித்துவிட்டது. பார்சல் ஒவ்வொரு ஊராகத் தங்கித் தங்கி வந்தது. கூரியர்காரர் எங்கள் தெருவில் நுழையும் போதெல்லாம் இவர் வாசலுக்குப் போவார். அவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புவார். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எடமே தெரியலம்மா" என்று சொன்னார். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றேன். "மம்மட்டிய உள்ள வுட மாட்டேன்" என்றார். அதில் மட்டும் யார் சொன்னாலும் மசிய மாட்டார்.

ஒருவழியாகப் பார்சல் வந்து சேர்ந்தது. அண்ணி சென்னையில் வந்து இறங்குவதற்கு முந்தின நாள் அது. நான் அடுப்படியில் இருந்தேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து தானே மாட்டிவிட்டார். எண்ணெய் கேட்கவில்லையே என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டதற்கு, "இது புது மாடல், ஏற்கெனவே எல்லாம் போட்டுத்தான் வரும்" என்றார். ஸ்கூட்டரில் அவர் ஓட்ட, பின்னால் நான் அந்த நீளக் குழாயைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனோம். வழியில் தெரிந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். சுண்ணாம்பு அடிக்கிறவர்களும், சிலுவைக்குப் பெயிண்ட் பூசுகிறவர்களும், பளிங்குக்கல்லைத் தேங்காய் நாரால் தேய்க்கிறவர்களுமாக இருந்தார்கள். பின்மூலையில் மட்டும் யாரும் இல்லை. வெறும் பச்சை. என் கணவர் நின்று நிதானித்து, மதில், வேப்பமரம் இரண்டையும் கண்ணால் அளந்து, "இங்கதான்" என்றார். மெஷினை மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

ஸ்டார்ட் ஆனது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் வேகம் கொடுத்தவுடன் விக்கி, கரும்புகையாகக் கக்கி, நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி விக்கல். சோக்கைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றினார். கரி அப்பி, நனைந்திருந்தது. துடைத்துப் போட்டார். அதேதான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் புதுப் பெட்ரோல் வாங்கி, எண்ணெய் அளந்து கலந்து ஊற்றினார். அதற்கும் மசியவில்லை. மேலே வானம் கறுத்து, முதல் தூறல் விழுந்தது. நாங்கள் வந்த வழியே திரும்பினோம். புல்லில் ஒரு கைப்பிடிகூடக் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து கொல்லைப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மழை கொட்டுகிறது. காப்பி ஆறிக் கிடக்கிறது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இத்தன வருஷமா சுத்தமா இருக்கு, சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டேன்மா. அக்கா வந்து எங்கன்னு கேட்டா, காட்டுல கையக் காட்டி அதோன்னு சொல்லவா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. "நாம பாத்துக்கலன்னு நெனச்சிடும். அதுக்கு அந்த ஒரு நிம்மதிதான் இருந்திச்சி."

எனக்கு யாராவது அழுதால் முதலில் கோபம்தான் வரும். ஆஸ்பத்திரிப் பழக்கம். அவர் மேல் இருந்த பாசமெல்லாம் அந்த மெஷின் மேல் ஆத்திரமாகத் திரும்பியது. அதைத் தூக்கிக் கூடத்தில் கிடத்தினேன். வார்டில் நேற்று வரைக்கும் நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று மூச்சுத் திணறினால், நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இடையில் புதிதாக என்ன கொடுத்தோம்? பெட்ரோல் மாற்றியது மெஷின் நின்ற பிறகு. பிளக்கைத் தொட்டதும் அதற்கப்புறம். முன்னால் புதிதாகப் போனது ஃபில்டர் ஒன்றுதான்.

"அத ஏன் தொறக்கிற? அது புத்தம் புதுசு" என்று படியிலிருந்தே சொன்னார்.

திருகைத் திருப்பி மூடியைக் கழற்றினேன். பஞ்சு பளபளவென்று இருந்தது. பஞ்சு எங்காவது பளபளக்குமா? விரலால் தொட்டேன், வழுக்கியது. கம்பெனியில் மேலே ஒட்டிய மெல்லிய கண்ணாடி பிளாஸ்டிக், பஞ்சைச் சுற்றித் தோல் மாதிரி இறுக்கமாகப் பிடித்திருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு கிழிசல். அந்த வழியாகத்தான் பாவம், மெஷின் இவ்வளவு நேரம் மூச்சு விட்டிருக்கிறது.

"என்னங்க, இது என்ன?"

எட்டிப் பார்த்தார். "கவரு."

"ஏன் பிரிக்கல?"

"தூசி படாம இருக்கட்டுமேன்னு…" என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தூசியைப் பிடிப்பதற்காகவே பிறந்த ஒரு பொருளைத் தூசியிடமிருந்து காப்பாற்றியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். ரிமோட்டில் ஆரம்பித்து மெத்தை வழியாகக் கார் சீட் வரைக்கும் போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நடுவில் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, ஐயோ அழ வைத்துவிட்டோமே என்று குனிந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அடக்க முடியவில்லை. வெளியே மழை கொட்ட, இரண்டு கிழடுகளும் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நான் பிளாஸ்டிக்கை உரித்து, எண்ணெய் விட்டுப் பிசைந்து, பிழிந்து மாட்டிக் கொடுத்தேன். அவர் ஒரு தடவைதான் கயிற்றை இழுத்தார். கூடமே அதிர்ந்தது.

ஆனால் மழைதான் விடவில்லை. மறுநாள் முழுக்கப் பெய்து, அடுத்த நாள் காலை அண்ணி வந்த வாடகைக் கார் வாசலில் நின்றபோதுதான் வெறித்தது. அன்று கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். அண்ணி ஊன்றுகோலோடு இறங்கினார். முகம் கழுவி, ஒரு வாய் காப்பி குடித்ததும், "மொதல்ல புள்ளைய பாத்துட்டு வந்துடுவோம் தம்பி" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலுக்கடியைப் பார்த்தேன். மெஷினைக் கார் டிக்கியில் ஏற்றும்போது, "இத எதுக்குடா தூக்கிட்டு வர்ற?" என்று அண்ணி கேட்டார். இவர் டிக்கியை மூடினார்.

பின்மூலைக்குப் போய் நின்றோம். மழை பெய்து புல் இன்னும் நாலு விரல் ஏறியிருந்தது. அண்ணி அந்தப் பச்சையைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், மறுபடி பச்சையைப் பார்த்தார்.

"எங்கடா?"

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் என் கணவரே சொல்லிவிட்டார்.

"முந்தா நாளே வெட்டியிருக்கணுங்க்கா. என்னோட முட்டாத்தனம். மெஷின கெடுத்துட்டேன்."

அண்ணி அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அண்ணி ஊன்றுகோலால் புல்லை மெதுவாக விலக்கிக்கொண்டே கேட்டார். "வருஷா வருஷம் இப்பிடித்தான் மொளைக்குதா?"

"ஆமாங்க்கா."

"வருஷா வருஷம் இவ்ளோத்தையும் நீயேதான் வெட்டுறியா?"

"ஆமாங்க்கா."

அண்ணி தம்பியின் நரைத்த தலையில் கையை வைத்து, சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு, "சரி, வெட்டு" என்றார்.

மெஷின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. மேலாக ஒரு வீச்சு, அப்புறம் கீழாக ஒரு வீச்சு என்று அவர் கவனமாகச் சீவிக்கொண்டே போனார். ஈரப்புல் நாலா பக்கமும் தெறித்தது. முதலில் இரும்புச் சிலுவையின் தலை வெளியே வந்தது. பிறகு வரம்பின் ஒரு பக்கம், இன்னொரு பக்கம். சிமெண்ட் ஒட்டின மூலையும் வந்தது. கடைசியில், நாலு வரம்புக்கும் நடுவில் கல்லறையின் மேல் மட்டும் புல் நின்றது. இரண்டு முழம் நீளம்கூட இருக்காது. அவ்வளவு சின்னது என்பது எனக்கு எப்போதும் மறந்துவிடும்.

"நிறுத்து" என்றார் அண்ணி. "அத எங்கிட்ட குடு."

"கனமா இருக்குங்க்கா. ஒங்களால முடியாது."

"நீ புடிச்சிக்கயேன்."

பட்டை என் கணவர் தோளிலேயே இருந்தது. அண்ணி ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, தம்பிக்கு முன்னால் வந்து நின்று கைப்பிடியைப் பிடித்தார். இவர் பின்னாலிருந்து பாரத்தைத் தாங்கிக்கொண்டார். அண்ணி விசையை அமுக்கினார். தலைமாட்டில் ஆரம்பித்துக் கால்மாடு வரைக்கும், கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமே இல்லாமல் எடுத்தார். ஒரு இடத்தில் மட்டும் நுனி விட்டுப்போயிற்று. திரும்ப வந்து அதையும் எடுத்தார். பிறகு விசையை விட்டார். மெஷின் நின்றதும் அந்த மூலையே வெறிச்சென்று ஆகிவிட்டது.

அண்ணி குனிய முடியாமல் குனிந்து, வழித்துவிட்ட தரையை உள்ளங்கையால் தடவினார். "ஒனக்குத் தெரியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "பொறந்தப்பவே தலை நெறைய முடி. வேளாங்கண்ணிக்கித் தூக்கிட்டுப் போயி, இவன் மடியில உக்கார வெச்சி மொட்டை போடுறதா நேந்துக்கிட்டேன். தாய்மாமன் மடியில. போட முடியாமயே போயிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னைக்குப் போட்டாச்சி."

நான் ஆஸ்பத்திரியில் எத்தனை சாவு பார்த்தவள். அதெல்லாம் அந்த நேரத்தில் உதவவில்லை. என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. மெஷினைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெட்டி விழுந்த புல்லை ஒவ்வொன்றாகக் கையால் அள்ளி ஓரமாக ஒதுக்கினார். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"சந்தனம் வாங்கியாரவாங்க்கா?"

அண்ணி தலையை ஆட்டினார். அவர்கள் இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு, கடைக்கு நான் போனேன்.